ராசிக்கார மடி

பூவம்மாவுக்கு இந்த உலகத்தில் ஆகவே ஆகாத பொருள் ஒன்று உண்டென்றால் அது தலையணை. அதுவும் செங்கொடி வாங்கிக் கொடுத்த தலையணை. ஒன்றில்லை, மூன்று. பூப்போட்ட உறை மாட்டிய மூன்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செங்கொடி மாடி ஏறி வந்த அன்றைக்கு, வாசல் கம்பியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த பூவம்மா பிழிந்த துணியையே மறுபடியும் முறுக்கிப் பிழிந்தாள். ஒருத்தி புருஷனுக்குத் தலையணை வாங்கிக் கொடுக்க இன்னொருத்தி யாரு? இதை வாய் திறந்து கேட்டாளா என்றால், இல்லை. கேட்டிருந்தால் பிளாக்கில் இருக்கிற அத்தனை பேரும் பூவம்மாவைத்தான் காறித் துப்பியிருப்பார்கள். அவள் புருஷன் குமாரவேல் உயிரோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பதே செங்கொடி புண்ணியத்தில்தான் என்று டோல்கேட் வரைக்கும் பேச்சாகியிருந்தது.

நெடுஞ்சாலைக்குப் பின்னால், கன்டெய்னர் லாரி சத்தம் ஓயாத இடத்தில் இருக்கிற ஹவுசிங் போர்டு பிளாக் அது. மூன்றாவது மாடியில் பூவம்மாவும் குமாரவேலும். பெண்ணைக் கட்டிக் கொடுத்தாயிற்று, அவள் ஓசூரில் இருக்கிறாள். முதல் மாடியில் செங்கொடி, தனியாக. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நெஞ்சு நோய் வார்டில் ஆயா வேலை. நோயாளியைப் புரட்டிப் போடுவது, உட்கார வைப்பது, துடைத்து விடுவது, தள்ளுவண்டியில் கொண்டு போவது என்று அந்த வார்டிலேயே தலை நரைத்தவள். எல்லாம் சரி. ஆனால் அவள் குமாரவேலின் அத்தை மகள். முறைப்பெண். அங்கேதான் வந்தது வினை.

பூவம்மா காத்திவாக்கத்துக்காரி. கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி இறாலைத் தடவிப் பிடித்து வளர்ந்தவள். கல்யாணமாகி இந்தப் பிளாக்குக்கு வந்து சேர்ந்த முதல் வாரமே மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம், அவள் காதில் விழட்டும் என்றே சொன்னாள்: "இன்னா பண்றது, என் நாத்தனா பொண்ண எடுக்கலாம்னு கீந்தேன். இவன்தான் இவள இட்டுகினு வந்து நின்னான்." மாமியார் செத்துப் பல வருஷமாகிறது. அந்தப் பேச்சு மட்டும் பூவம்மாவின் காதிலேயே குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தது. செங்கொடிக்கு வாய்த்தவன் ஒரு வருஷம்கூட ஒழுங்காக இல்லாமல் ஓடிப் போனான். அப்புறம் அவள் இதே பிளாக்கில் காலியான வீட்டுக்கு வாடகைக்கு வந்தாள். ஊரில் வேறு வீடே கிடைக்கவில்லையா அவளுக்கு?

குமாரவேல் அப்பாவி மனுஷன். கன்டெய்னர் யார்டில் லாரிக்குக் கை காட்டுகிற வேலை. பின்னால் நின்றுகொண்டு "வா... வா... வா... போதும்" என்று கையை மடக்கி மடக்கிக் கூப்பிட்டு, கடைசியில் உள்ளங்கையைக் காட்டி நிறுத்துவான். அதே கையோடு வீட்டுக்கு வந்து, பூவம்மா சோறு போடும்போதும் "வா... வா... போதும்" என்பான். செங்கொடியைப் பார்த்தால் "இன்னா செங்கு, டூட்டி முட்ச்சா?" என்பான். அவ்வளவுதான். அந்த "செங்கு" இருக்கிறதே, அது பூவம்மாவுக்குப் பல்லில் மாட்டிய முள். பூவம்மாவை அவன் "பூவு" என்றுதான் கூப்பிடுவான், அதுவும் சுருக்கம்தான். ஆனால் அது கணக்கில் வருமா என்ன?

பூவம்மாவுக்கும் பிளாக்கில் ஒரு பெருமை இருந்தது. அவள் மடி ராசியான மடி. காசிமேட்டில் இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில், வெறும் வயிற்றோடு வந்து நிற்கிற பெண்கள் சட்டென்று கண்ணிருண்டு விழுவார்கள். பூவம்மா ஓடிப் போய்த் தரையில் உட்கார்ந்து, விழுந்தவள் தலையை மடியில் எடுத்துப் போட்டு, முந்தானையால் விசிறி, "ஒண்ணும் இல்லமே, ஒண்ணும் இல்ல" என்பாள். கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணைத் திறந்து, இன்னா ஆச்சு என்று கேட்பாள். ஒருத்தி இரண்டு பேரா? பிளாக்கிலும் அப்படித்தான். தண்ணீர் லாரி வரிசையில் எவளாவது வெயிலில் சுருண்டால், "பூவம்மாவக் கூப்டு, அவ மடில போடு" என்பார்கள். மயங்கி விழுந்தவளைப் படுக்கப் போட்டாலே தலைக்கு ரத்தம் ஏறித் தெளிந்துவிடும், அது யார் மடியானாலும் நடக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள்.

அந்த மடிக்கு முதல் அடி விழுந்தது குமாரவேலுக்கு நெஞ்சு வலி வந்த அன்றைக்கு. மதியம் வேலையிலிருந்து பாதியில் வந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "கேஸு பூவு, நெஞ்ச அடைக்குது, ஒரு சோடா குடு" என்றான். பூவம்மா சோடா வாங்கி வந்தாள், ஓமத் தண்ணீர் கலக்கினாள், ஏப்பம் வரட்டும் என்று தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னாள். இந்த ஊரில் நெஞ்சு வலி என்றால் எல்லோருக்கும் முதலில் கேஸ்தானே. மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன செங்கொடி அவன் முகத்தைப் பார்த்ததும் வாளியைக் கீழே போட்டாள்.

"மாமா, எடது கை வலிக்குதா? தாடைக்கு ஏறுதா?"

"ஆமா செங்கு..."

"இனிமே ஒரு அடி நடக்காத. இங்கியே குந்து." அவனை அந்த இடத்திலேயே தரையில் உட்கார்த்தி, முதுகைச் சுவரில் சாய்த்து, முழங்காலை மடக்கி வைத்தாள். சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். ஒரு கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் 108-க்குப் போன் போட்டாள். பூவம்மா தரையில் உட்கார்ந்து, "என் மடில சாச்சுக்குறேன், உடு" என்று கையை நீட்டினாள். "இப்ப வாணாம்க்கா" என்றாள் செங்கொடி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இப்ப வாணாம்க்கா! கட்டின பொண்டாட்டியிடம், கண்டவள் சொல்கிறாள்.

ஆம்புலன்ஸில் வந்த பையன் ஒரு மாத்திரையை மென்று தின்னக் கொடுத்தான், ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் என்கிற கம்பிச் சுருள் வைத்தார்கள், ஆள் பிழைத்தான். ஆனால் இதயத்தின் சதை கொஞ்சம் செத்துப்போய்விட்டது, இனி அது பழைய வேகத்தில் இறைக்காது என்றார் டாக்டர். இறைப்பு குறைந்தால் உடம்பில் நீர் தங்கும். உப்பு தின்றால் இன்னும் தங்கும். தங்கினால் முதலில் காலில் காட்டும், அப்புறம் நுரையீரலில் ஏறும். அதனால் உப்பைக் குறை, மாத்திரையை விடாதே, தலைப் பக்கம் உயர்த்திப் படு. இவ்வளவும் பூவம்மாவிடம்தான் சொன்னார். அவளோ பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்த செங்கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி காதில் விழவில்லை.

அதற்கப்புறம்தான் அந்த மூன்று தலையணை. செங்கொடி கட்டிலில் அவற்றைப் படிப்படியாக அடுக்கி, குமாரவேலைச் சாய்த்துக் காட்டினாள். "இப்பிடித்தான் தூங்கணும் மாமா. மல்லாக்கப் படுக்காத. மூச்சு முட்டினா எயுந்து கால தொங்கப் போட்டு குந்திக்கோ." குமாரவேல் பள்ளிக்கூடப் பிள்ளை கணக்காகத் தலையை ஆட்டினான்.

கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே பாய்தான். கட்டில் துணி போட்டு வைக்கிற கட்டில், அவ்வளவுதான். அவன் பூவம்மாவின் கைமேல் தலையை வைத்துத்தான் தூங்குவான். கை மரத்துப் போகும், எடுக்க மாட்டாள். இப்போது அவன் கட்டிலில் பாதி உட்கார்ந்த மாதிரி சாய்ந்து குறட்டை விட்டான். அவள் கீழே பாயில் தனியாகக் கிடந்து அந்தத் தலையணைகளை முறைத்தாள். செங்கொடி தலைமாட்டிலேயே வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது அவளுக்கு. கஸ்மாலம், இதுக்குத்தான் இத்தினி வருஷம் காத்துகினு கீந்தியா என்று முனகுவாள்.

இதோடு போனதா? ஒரு நாள் செங்கொடி தூக்குப்பாத்திரத்தில் உப்பில்லாத கத்தரிக்காய்க் குழம்பு கொண்டு வந்தாள். புளியும் பூண்டும் தூக்கலாக வைத்து, எலுமிச்சை பிழிந்து என்னமோ செய்திருந்தாள். குமாரவேல் தின்றுவிட்டு விரலை நக்கினான்.

"உப்பில்லேனே தெர்ல பூவு. நல்லாத்தான் கீது."

அந்த மனுஷன் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பூவம்மா பொறுத்திருப்பாள். காத்திவாக்கத்துப் பெண்ணிடம், இன்னொருத்தி குழம்பு நல்லாயிருக்கிறது என்று சொன்னான் பாருங்கள், அது பொறுக்கிற விஷயமா? அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய், தம்பி வீட்டிலிருந்து நல்ல நெத்திலிக் கருவாடாகப் பார்த்து ஒரு பை கொண்டுவந்தாள்.

கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசனை வந்ததும் குமாரவேல் கட்டிலிலிருந்து இறங்கி அடுப்பங்கரைக்கே வந்துவிட்டான். "டாக்டரு உப்பு வாணான்னாரே" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னான். "ஒரு வாய் துன்னா உயிரா போய்டும்?" என்றாள் பூவம்மா. ஒரு வாய் ஒரு தட்டாயிற்று. "இதாண்டி சோறு" என்றான். அப்புறம் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "செங்குகிட்ட சொல்லிடாத" என்றான்.

பூவம்மாவுக்கு அந்தப் பேச்சு தேனாக இருந்தது. செங்கொடிக்குத் தெரியாமல் அவளுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு ரகசியம்! அடுத்த நாளும் கருவாடுதான். அதற்கடுத்த நாளும் அதேதான். கூடவே ஒரு தலையணையைத் தோய்க்கிறேன் என்று எடுத்து வாளியில் ஊற வைத்தாள். அழுக்கே இல்லாத தலையணை அது.

அந்த மூன்றாம் நாள் காலையில் செங்கொடி வந்தாள். வந்தவள் குமாரவேலின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். அழுத்தின இடம் குழியாகவே நின்றது. செங்கொடி அந்தக் குழியைப் பார்த்தாள். பூவம்மா செங்கொடியின் விரலைப் பார்த்தாள். என் புருஷன் காலை நீ எதுக்குடி தொடுற என்று நெஞ்சு கொதித்ததே தவிர, அந்தக் குழி எதைச் சொல்கிறது என்று அவள் யோசிக்கவில்லை.

"அக்கா, உப்பு எதுனா சேத்தியா? கருவாடு, ஊறுகாய், அப்பளம்?"

"சேக்கல."

"கால் வீங்கிகீதே. வூடு வேற கருவாட்டு வாசன அடிக்குது?"

"அது எனக்கு வெச்சது. நானும் உப்பில்லாம சாவணுமா?"

குமாரவேல் ஜன்னல் பக்கம் பார்த்தான். செங்கொடி எழுந்தாள். "நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு என்கூட வா மாமா, ஒரு தபா காட்டிடலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். என்கூட வா-வாம். பூவம்மா அவள் போன திசைக்குக் கதவை அடித்துச் சாத்தினாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சோற்றுக்கப்புறம் கரண்ட் போனது. கட்டிலில் புழுக்கம் தாங்காமல் குமாரவேல் தானாகவே கீழே இறங்கி, பாயில் பூவம்மாவின் பக்கத்தில் படுத்து, பழையபடி அவள் கைமேல் தலையை வைத்தான். பூவம்மா மூச்சுவிடக்கூட பயந்துகொண்டு கிடந்தாள், எங்கே எழுந்து போய்விடுவானோ என்று. ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் அவளும் அசந்து தூங்கிப் போனாள்.

கண்ணைத் திறந்தபோது சாயங்காலம். பக்கத்தில் ஒரு சத்தம். குமாரவேல் உட்கார்ந்துகொண்டு வாயால் காற்றை இழுத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் நெஞ்சுக்குள் களகளவென்று கேட்டது. உடம்பெல்லாம் சில்லென்று வியர்வை. "பூவு... மூச்சு..." என்றான். அதற்குமேல் பேச்சு வரவில்லை.

பூவம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். அவனை இழுத்து, தலையை மடியில் போட்டுக்கொண்டாள். "ஒண்ணும் இல்லய்யா, ஒண்ணும் இல்ல, நா கீறேன்" என்று முந்தானையால் விசிறினாள். அவன் எழப் பார்த்தான். அவள் தோளை அமுக்கினாள். அவன் கையை ஊன்றினான். அவள் கையை எடுத்துத் தன் மார்போடு வைத்துக்கொண்டாள். "படுய்யா! எதுக்கு எயுந்துக்குற? என் மடி முள்ளா குத்துது?"

சத்தம் கேட்டு எதிர் வீட்டு தௌசீஃப் ஓடி வந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். பார்த்ததும் போனை எடுத்து 108-ஐக் கூப்பிட்டான். இடத்தைச் சொல்லிவிட்டு, "வண்டி கெளம்பிச்சாம். லாரி லைன் கட்டிகினு கீது, கொஞ்சம் ஆவும்போல. செங்கொடிக்காவக் கூப்டட்டுமா?" என்றான்.

"வாணாம்!" பூவம்மா கத்தினாள். "என் மடில எத்தினி பேரு பொயச்சிகீறாங்க, என் புருஷன் பொயைக்க மாட்டானா?"

குமாரவேல் இருமினான். வாயோரம் நுரை வந்தது, லேசான ரோஸ் நிறத்தில். உதடு கறுத்தது. அவன் இரண்டு கையாலும் அவள் தொடையைத் தள்ளினான், இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்து. கண் வாசலையே பார்த்தது. பூவம்மா அந்தப் பார்வையைப் பார்த்தாள். அவளைத்தானே தேடுற? போற நேரத்துலயும் அவளைத்தானே தேடுற?

போற நேரம். மனசுக்குள் தான் சொன்னது பூவம்மாவுக்கே அப்புறம்தான் உறைத்தது. போய்விட்டால்? இந்த மடியிலேயே போய்விட்டால், அப்புறம் யாரிடமிருந்து இவனைக் காப்பாற்றி வைத்துக்கொள்ளப் போகிறாள்?

"செங்கொடீ!" என்று அலறினாள். பிளாக்கே அதிர்ந்தது. இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை அவள் வாயால் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. "அடியே செங்கொடீ! ஓடியாடி! என் புருஷன் போறான்டி!"

செங்கொடி ஈரத் தலையோடு இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தாள். வாசலில் நின்று பார்த்ததுமே, "அய்யோ, படுக்க வச்சிகீறியேக்கா! தூக்கு, குந்த வை!" என்று பாய்ந்தாள். அவளும் தௌசீஃபும் சேர்ந்து அவனை அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக் கட்டில் விளிம்பில் உட்கார்த்தி, காலைத் தொங்கப் போட்டார்கள்.

"மயக்கம்னு... மடில போட்டா..." பூவம்மாவுக்கு நாக்கு குழறியது.

"மயக்கம்னா படுக்க வைக்கலாம்க்கா. இது நுரையீரல்ல தண்ணி. படுத்தா முங்கிடுவாரு."

முங்கிடுவாரு. கழிமுகத்தில் பிறந்தவளுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரில் மூழ்குகிறவன் தலையைத் தூக்கத்தான் பார்ப்பான். இவ்வளவு நேரம் அவன் தலையைத் தூக்கப் பார்த்தான், அவள் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"தலைகாணி எங்க? மூணாவது?" செங்கொடி கட்டிலைத் தேடினாள். மூன்றாவது, வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. கட்டில் நடு அறையில் கிடந்தது, சாய ஒரு சுவரும் பக்கத்தில் இல்லை. குமாரவேலின் உடம்பு பின்பக்கம் சரிந்தது.

"அக்கா, நீ ஏறி பின்னாடி குந்து. முதுகோட முதுகு குடு. அவரு சாஞ்சா நீதான் தாங்கணும். இன்னா ஆனாலும் நவுராத."

பூவம்மா ஏறி உட்கார்ந்தாள். அவன் முதுகு அவள் முதுகில் வந்து விழுந்தது, மொத்தக் கனமும். அவள் காலை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து தாங்கினாள்.

அவள் கண்ணுக்கு எதிரில் சுண்ணாம்பு உரிந்த சுவர்தான் இருந்தது. நடக்கிறதெல்லாம் பின்னால் நடந்தது. செங்கொடியின் குரல் கேட்டது. "தௌசீஃபு, ஜன்னலத் தொற. வாசல்ல நிக்கிறவங்கள நவுத்து. தண்ணி கிண்ணி ஒரு சொட்டு குடுக்காத. மூச்சு கீற வரைக்கும் இப்பிடியே குந்திகினு கீறட்டும். பேச்சு மூச்சு நின்னு சாஞ்சாத்தான் தரையில மல்லாக்கப் போட்டு நெஞ்ச அமுக்கணும், அப்ப நீயும் நானும் மாறி மாறி. ரெடியா இரு." அப்புறம் அந்தக் குரல் அப்படியே கனிந்தது. "மாமா, என்னப் பாரு. பயப்படாத. என்னப் பாத்துகினே மெதுவா மூச்ச உடு."

என்னப் பாரு! அந்த நேரத்திலும் பூவம்மாவுக்குச் சுருக்கென்றது, மறைப்பானேன். அவன் முகம் அவளிடம், கை அவளிடம், கண் அவளிடம். இவளுக்குக் கிடைத்தது வெறும் முதுகு. திரும்பிப் பார்த்துவிடலாமா என்று கழுத்து துடித்தது. திரும்பினால் அவன் சரிவான். திரும்பவில்லை. அவன் நெஞ்சின் களகளப்பு அவள் முதுகெலும்பு வழியாக அவளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் அவளும் கூடவே இழுத்தாள். அடுத்தது வருமா, வருமா என்று காத்திருந்தாள். வந்தது. மறுபடியும் வந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. பெண் ஒருத்தி ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து, அதன் முகமூடியைக் குமாரவேலின் மூக்கும் வாயும் மூடும்படி மாட்டிவிட்டுக் கேட்டாள்: "உப்பு அதிகமா ஏதாவது சாப்பிட்டாரா? மாத்திரை ஏதும் விட்டுட்டாரா?"

"இல்லம்மா, உப்பில்லாமத்தான் சமைக்கிறாங்க. நான் கேட்டேன்" என்றாள் செங்கொடி.

பூவம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கருவாடு. மூணு நாளா கருவாட்டுக் கொயம்பு. நாந்தான் போட்டேன். மாத்திர மட்டும் ஒயுங்கா குட்த்தேன்."

அந்தப் பெண் அதைக் குறித்துக்கொண்டாள். செங்கொடி திட்டுவாள் என்று முதுகைக் கெட்டியாக்கிக்கொண்டு காத்திருந்தாள் பூவம்மா. அவள் திட்டவில்லை.

அந்த மாடிப்படியில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. பிளாஸ்டிக் நாற்காலியில் அவனை உட்கார்த்தி, துண்டால் கட்டி, தௌசீஃபும் இன்னும் மூன்று பேரும் சாய்க்காமல் இறக்கினார்கள். "படுக்க வைக்காதீங்கோ, குந்தின மேனிக்கே எடுத்துனு போங்கோ" என்று மேலிருந்து கீழ்வரைக்கும் கத்திக்கொண்டே வந்தது பூவம்மாதான். வண்டியில் ஒருத்தர்தான் கூட ஏறலாம் என்றார்கள். பூவம்மா தயங்கி நின்றாள். வாழ்க்கையில் முதல் முறையாக, செங்கொடி ஏறுவதுதான் சரியோ என்று தோன்றியது.

"இன்னா பாத்துகினு நிக்கிற? ஏறுக்கா" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள் செங்கொடி.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ஊசி போட்டு, தங்கின நீரையெல்லாம் சிறுநீராகப் பிரித்து வெளியே எடுத்தார்கள். இனி பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த செங்கொடியிடம் போய் நின்றாள் பூவம்மா.

"திட்டிடுடி. மனசுல வச்சிகினு கீறாத."

"திட்னா, துன்ன உப்பு வெளிய வந்துடுமா?" செங்கொடி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு மட்டும் பொறாம இல்லேனா நெனச்சிகினு கீற? கொயந்தைய தோள்ல போட்டுகினு நீங்க ரெண்டு பேரும் பீச்சுக்குப் போவச் சொல்லோ, கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்து அயுதிருக்கேன். மடி ஒனக்குத்தான குட்த்தான் கடவுளு. எனக்கு ஒரு தலைகாணி வாங்கிக் குடுக்கத்தான முடிஞ்சுது."

பூவம்மா போய் ஒரு டீ வாங்கி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒரே டீயை இரண்டு கப்பில் ஊற்றிக் குடித்தார்கள்.

செங்கொடி வேலை பார்க்கிற அந்த வார்டில் குமாரவேலின் கட்டிலுக்குக் கால்மாட்டில் ஒரு கைப்பிடி உண்டு. சுற்றினால் தலைப் பக்கம் எழும்பும். மறுநாள் டூட்டிப் புடவையில் வந்த செங்கொடி குனிந்து அதைப் பிடித்தாள். பூவம்மா அவளை இடுப்பால் ஒரு இடி இடித்தாள்.

"நவுரு. நா சுத்துறேன். எது வரைக்கும் தூக்கணும், அத்த மட்டும் சொல்லு."

செங்கொடி சொல்ல வாயெடுப்பதற்குள் குமாரவேல் மேலே கையைத் தூக்கிவிட்டான். "வா... வா... வா..." என்று லாரியைக் கூப்பிடுகிற மாதிரியே விரலை மடக்கினான். பாதி உட்கார்ந்த நிலைக்கு வந்ததும் உள்ளங்கையைக் காட்டினான். "போதும்." செங்கொடி சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அவள் தள்ளிப் போகட்டும் என்று காத்திருந்தாள் பூவம்மா. புத்தி வந்துவிட்டது, பொறாமை எங்கே போகும்? அவன் காதருகே குனிந்தாள்.

"யோவ், நெசத்தச் சொல்லு. அன்னிக்கு மூச்சு முட்டச் சொல்லோ, முன்னாடி யார் மூஞ்சப் பாத்துகினு கீந்த?"

குமாரவேல் யோசித்தான். பேச இன்னும் மூச்சு வாங்கியது. "மூஞ்சா? ஒண்ணும் தெர்ல பூவு. கண்ணு இருட்டிகினு வந்துச்சு. யாரோ கூப்டாங்கோ, யார்னு தெர்ல." கொஞ்சம் நிறுத்தி மூச்செடுத்துக்கொண்டான். "பின்னாடி மட்டும் கருவாட்டு வாசன அட்ச்சுது. பூவுதான்னு சாஞ்சுகினேன்."

பூவம்மா முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தாள். அது அன்றைய புடவை இல்லை, இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. ஆனாலும் அந்த வாசனை அவளுக்கு அடித்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, அவனை மெல்லத் திருப்பி விளிம்பில் காலைத் தொங்கப் போட வைத்து, கட்டிலின் மறுபக்கமாக அவனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, முதுகோடு முதுகு கொடுத்தாள். நோயாளி கட்டிலில் ஏறக் கூடாது, இறங்கும்மா, இறங்கும்மா என்று சிஸ்டர் அந்தக் கோடியிலிருந்து கத்திக்கொண்டே வந்தாள். பூவம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, காதே கேட்காதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.